மாமாவைத் தொலைத்த ஆடி

ஜூலை 19, சனி

மேற்கே மலை தெரியவில்லை, முழுக்க மேகம். காற்று என் லுங்கியைக் கொடியிலிருந்து பறித்துப் பக்கத்து வீட்டு முருங்கையில் போட்டுவிட்டது. இன்னும் எடுக்கவில்லை.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ராஜபாளையத்தில் நாலு பேர் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆள், புதிதாக மாமனார் வேறு. இன்று மத்தியானம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மாப்ளையின் கையடக்க வீடியோ கேம் பெட்டியில் விளையாடினேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயையும் திறந்துவிட்டிருந்தேன்.

சரசு கதவைத் தட்டினாள்.

"என்னங்க, எம்புட்டு நேரம்? வயிறு சரியில்லையா?"

"ஆமா."

"ஓமத்தண்ணி போடவா?"

"போடு."

வெளியே வந்து குடித்தேன். கல்லையும் செரிக்கிற வயிற்றுக்கு ஓமத்தண்ணீர்.

விவரம் இதுதான். மகள் பவிக்கு இது தலை ஆடி. சித்திரையில்தான் கல்யாணம். ஆடி பிறக்கும் முன்னால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். மாப்ளை தனியாகக் கிடந்து ஓட்டல் சாம்பாரில் மனைவியின் அருமையை உணர வேண்டும். மாப்ளை விக்னேஷுக்கு வேலை சென்னையில், சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கள் வாயில் ஸ்ரீவி. பவியை இங்கே விட்டுவிட்டுப் போகையில் இந்தப் பெட்டியைக் கொடுத்துப் போயிருக்கிறார். பொழுது போகாவிட்டால் வைத்துக்கொள், ஆடிப்பூரத் தேருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று. பவிக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவரு இதை யாரையும் தொட விடமாட்டாருப்பா. ரூம்ல கூட இருந்த பிரெண்ட்ஸுக்கே குடுத்ததில்லையாம். எனக்குத்தான் குடுத்திருக்காரு."

பெட்டி புது மாடல். உள்ளே பாதி பழசு. அந்தக் காலத்தில் கையில் வைத்து ஆடிய ஆட்டங்களைப் பச்சை கலந்த சாம்பல் நிறத்தோடு அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டை விழுகிற ஆட்டமும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் பொருட்காட்சியில் வாங்கிய கருவியில் நான் அதில் புலி. வியாழக்கிழமை பவியே எடுத்துக் கொடுத்தாள். "உங்க காலத்து கேம்ப்பா." அன்றிலிருந்து அவள் மத்தியானம் தூங்கினால் பெட்டி என்னோடு குளியலறைக்கு.

அதோடு நின்றிருக்கலாம். இன்று கட்டை சலித்து, அதற்கு அடுத்த படத்தைத் தட்டினேன். புல்லுக்குள் நடந்து, பந்தை எறிந்து ஜந்துகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற ஆட்டம். யாரோ முக்கால்வாசி ஆடி வைத்திருந்தார். யாரோ என்ன யாரோ, மாப்ளைதான். ஆறு ஜந்துகள், எல்லாம் பயில்வான்கள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர். வார்டன். பாஸ். குட்டி. இன்னும் இரண்டு வாயில் நுழையாதவை. ஆறாவதாக ஒன்று: பானை வயிறு, அரைக்கண் மூடிய முகம், சண்டையில் பாதி நேரம் தூக்கம். அதன் பெயர் மாமா.

வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

சரி, ஆரம்பத்திலிருந்து ஆடித்தான் பார்ப்போமே என்று புதிதாகத் தொடங்கினேன். செத்த நேரம் கழித்துத் திரை நிறைய ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. சரி என்று அமுக்கினேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அமுக்கின பிறகுதான் படித்தேன். பழையது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டிருக்கிறது.

வார்டன் போயாச்சு. மாமா போயாச்சு. என்னிடம் இருப்பது முயல் மாதிரி ஒரு குட்டி மட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. இட்லி கல். (சரசுவிடம் சொல்லவில்லை.)

பவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏம்மா, ஒருத்தர் கேம் ஆடி சேத்து வச்சிருக்காரு. அது அழிஞ்சு போச்சுன்னா திரும்ப எடுக்க வழி இருக்கா?"

"எந்த ஒருத்தர்?"

"ஆபீஸ்ல. வயசானவர்."

"போனது போனதுதான்ப்பா. பாவம், எத்தன நாள் ஆடுனாரோ."

"அவர் ஆடல. அவரு மருமகன் ஆடுனது."

பவி சிரித்தாள். "அந்த மருமகன் பொண்டாட்டியத்தான் மொதல்ல கேப்பான். நீ என்ன பண்ணேன்னு."

அதுதான் விஷயம். மாப்ளை என்னைக் கேட்க மாட்டார். என்னோடு அவர் இதுவரை பேசியதெல்லாம் "சாப்ட்டேன் மாமா", "சரிங்க மாமா", "வாரேன் மாமா". நானும் "வாங்க மாப்ளை"யைத் தாண்டியதில்லை. மாமனாரிடம் ஒரு மாப்ளை, ஏன் என் ஜந்தை அழித்தீர் என்று கேட்க முடியுமா? கோபம் நேரே பவிமேல் இறங்கும். கல்யாணமாகி மூன்று மாதம். நம்பிக் கொடுத்த ஒரே பொருள். முதல் சண்டை, அப்பன் உபயம்.

முடிவு: தேர் 28ஆம் தேதி. அதற்குள் அந்த ஆறையும் திரும்பப் பிடித்து, அதே பெயர் வைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி பையில் வைத்துவிடுவது.

ஜூலை 22, செவ்வாய்

செய்ய வேண்டியவை: பிரீமிய நோட்டீஸ் மூன்று வீடு. சரசுவுக்குக் கால்வலித் தைலம். கீழ்க்குகையில் இருக்கிற வவ்வாலைத் தாண்டுவது.

இந்த ஆட்டத்தில் பெரிய வேலை நடப்பதுதான். புல்லில் நட, கல்லில் நட, குகையில் நட. டாக்டர் என்னை நடக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது. இப்போதுதான் நடக்கிறேன், கட்டை விரலால்.

ஒரு வசதி கண்டுபிடித்தேன். இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் ஆட்டம் சற்றுப் பின்னால் போகிறது. தோற்றால் தோற்காத இடத்துக்குத் திரும்பிவிடலாம். பழைய கருவியில் இதெல்லாம் ஏது. உடனே சனிக்கிழமைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அவ்வளவு தூரம் போகாது. ஆடின ஆட்டத்தில் ஒரு கையளவுதான்.

இருந்தாலும் கெட்ட பழக்கம், சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. வன்னியம்பட்டியில் ஒரு பாலிசிதாரர் வீடு. மோர் கொடுத்து, "இதுல நமக்கு என்ன அண்ணாச்சி லாபம்?" என்றார். வாய் சும்மா இருக்குமா. "நீங்க சீக்கிரம் போனா வீட்டுக்கு நல்ல லாபம்" என்றேன். பின்னால் அவருடைய மனைவி. பக்கத்தில் அவருடைய அம்மா. என் இரண்டு கட்டை விரலும் மடியிலிருந்த ஹெல்மெட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கின. ஒன்றும் பின்னால் போகவில்லை. மோரைக் குடித்து முடித்தேன்.

பிடித்தவை இன்று வரை: குட்டி. பாஸ் மாதிரி ஒன்று (கொம்பு சின்னது; பெயர் வைத்தாயிற்று, யார் பார்க்கப் போகிறார்கள்).

ஜூலை 24, வியாழன்

மாட்டிக்கொண்டேன். ஆனால் பவியிடம் இல்லை.

நடந்தது: மாப்ளையின் ஆட்டத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடியது என்று ஒரு மூலையில் காட்டியது. பெரிய எண். என்னுடையது பச்சைப்பிள்ளை. யோசித்தேன். மணியை ஏற்ற ஆட வேண்டியதில்லை, பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் போதும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்: திரை தூங்கிவிடாமலிருக்க அமைப்பில் ஒரு இடம் இருக்கிறது. சார்ஜரோடு சேர்த்துப் பீரோவுக்குள் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். பவி கேட்டால் "ஆபீஸ்ல ஒருத்தருக்குக் காட்ட எடுத்துட்டுப் போயிருந்தேன்" என்று ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை, போனிலேயே கிடக்கிறாள்.

சரசு பீரோவைத் திறந்தாள்.

"ஏங்க. சேலைக்குள்ள என்ன வயரு போகுது?"

"பூச்சி வராம இருக்கதுக்கு."

"சார்ஜர் போட்டா பூச்சி வராதா?"

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். துணிக்கு அடியில் வெளிச்சம். எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"ரெண்டாவது போனா? யாரு அவ?"

ஒரே ஒரு நல்ல பதில் இருந்தது. நான் சொன்னது வேறு.

"ஒருத்தி இல்ல, ஆறு பேரு. இப்பத்திக்கு மூணுதான் புடிச்சிருக்கேன்."

இரண்டு கட்டை விரலும் காற்றில் அமுக்கின.

பெட்டியை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை, ஓமத்தண்ணீர், வார்டன், மாமா. அழுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவும் இல்லை.

"அப்ப அந்த ஓமத்தண்ணி?"

"சும்மா."

"ரெண்டு தடவ போட்டுத் தந்தேன்."

அதற்குத்தான் கோபம். மற்றதெல்லாம் பிறகு வந்தது. "மக வாழ்க்கையில மொத சண்டைய நீங்க ஆரம்பிச்சு வைக்கப் போறீங்க. அவரு வாயத் தொறந்து சண்டை போடுத ஆளும் இல்ல. உள்ளயே வச்சிக்கிடுவாரு. அது இன்னும் மோசம்." எழுந்து கொண்டையை முடிந்தாள். "எந்திரிங்க. எனக்கும் காட்டுங்க. எது எதப் புடிக்கணும்?"

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சரசு கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாடியில் வற்றல் காயப்போட்டாள். அந்தச் சாக்கில் நாங்கள் இருவரும் மாடியில். பவி கீழே தூக்கம்.

சரசு ஆட்டம் ஆடவில்லை. ஆட்டுவிக்கிறாள்.

"அந்தப் பக்கம் போகாதீங்க, நேத்தும் அங்கதான் செத்தீங்க."

"அந்தப் பொந்துக்குள்ள ஏதோ அசையுது."

"இது பாவம், இத விட்ருங்க."

"எல்லாமே பாவம்தான் சரசு."

"இதுக்குக் குட்டி இருக்கும் போல."

விட்டேன். பின்னோக்கிப் போகிற வசதியைக் காட்டினேன். தோற்றுவிட்டு, திரும்பிப் போய், ஜெயித்தும் காட்டினேன். என்னையே பார்த்தாள்.

"என்னத்துக்குப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. எங்கப்பா உங்க வீட்டுக்கு ஜாதகம் குடுத்த நாள் ஞாபகம் வந்துச்சு."

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அலமேலு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தெரு முழுக்க என்ன நடக்கிறது என்று எந்த மொழியிலும் தெரிந்தவர். "ஏமம்மா சரசு, புருசனும் பொண்டாட்டியும் வத்தல் காயப்போட்டு முடிக்கல போல" என்றார். சாயங்காலத்துக்குள் நாங்கள் ஆன்லைன் ரம்மியில் வீட்டுப் பத்திரத்தை வைத்துவிட்டதாகச் செய்தி. பால்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு அனுதாபம். லுங்கியைக் கேட்கப் போனேன். அக்கா அதை மடித்துக் கொடுத்தார். "இதாவது மிஞ்சட்டும் அண்ணாச்சி."

ஐந்து பிடித்தாயிற்று. மிச்சம் மாமா.

ஜூலை 27, ஞாயிறு

சாரல். வற்றல் நனைந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை பெட்ரோல் போடப் போனேன். இரண்டாம் முறை டேங்கில் இடமில்லை.

காலையில் பவி மாப்ளையோடு போனில். கதவோரம் நின்று கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

"பத்திரமா இருக்கு. நான் ஜாஸ்தி தொடல. ஒரு கீறல் கிடையாது. நாளைக்குத் தாரேன்."

பெட்ரோல் போட இரண்டாம் முறை கிளம்பியது அப்போதுதான்.

மத்தியானம் மாமாவைக் கண்டோம். ஒரு சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே படுத்துத் தூங்குகிறது. அதை எழுப்பித்தான் பிடிக்க வேண்டும். எழுந்தால் அடிக்கிறது. மூன்று முறை பின்னால் போனேன். நாலாவது முறை பந்துக்குள் விழுந்தது. பெயர் வைக்கச் சொல்லித் திரை காத்திருந்தது.

சரசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வைங்க."

"வேற ஏதாவது வைக்கட்டுமா? சார்னு வைக்கலாம். அண்ணாச்சின்னு வைக்கலாம், எழுத்து பத்தாது."

"அவரு வச்சது மாமா. அவருக்குத் தெரியாதா?"

"மாமான்னா போலீஸ்காரரையும் சொல்லுவாங்க. வேற ஒரு தொழில்காரரையும் சொல்லுவாங்க. என்னைத்தான்னு எப்படிச் சொல்லுத?"

சரசு ஜந்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பனியன் ஏறியிருந்த இடத்தைப் பார்த்தாள். "வைங்க" என்றாள்.

என் கையாலேயே வைத்தேன். நாலே எழுத்து.

ஆறும் வந்தாயிற்று. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய வார்டன் மலை. இது வார்டனின் தம்பி மகன். எல்லாம் நோஞ்சான். ஆட்டம் தெரிந்த எவனும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான்.

"நீங்களா சொல்லிருங்க" என்றாள் சரசு. "பவி மேல பழி வரக்கூடாது. நாளைக்கு அவிய வீட்ல வச்சு, தனியாக் கூப்பிட்டு. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஜோக் அடிக்கக் கூடாது."

ஜூலை 28, திங்கள்

ஸ்ரீவி. தேர். உள்ளூர் விடுமுறை, மாவட்டமே வந்துவிட்டது. பஸ்ஸில் ஒற்றைக் காலில். பை என் மடியில் இல்லை, நெஞ்சில்.

சம்பந்தி வீடு தேர் ஓடும் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி. சம்பந்தி வாசலிலேயே நின்றார். "வாங்க, வாங்க. என்னமோ ரம்மின்னு காதுல விழுந்துச்சு, உண்மையா?" பதினோரு கிலோமீட்டரைச் செய்தி என்னைவிடச் சீக்கிரம் கடந்திருக்கிறது. இல்லை என்றேன். நம்பவில்லை. பாயசம் மட்டும் இரண்டு டம்ளர் கொடுத்தார்.

மாப்ளை கொஞ்சம் இளைத்திருந்தார். பவியைப் பார்த்ததும் இருவரும் நம்மையெல்லாம் மறந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. அதனாலேயே பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரும் தேர் பார்க்க மாடிக்குப் போனபோது, மாப்ளையைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் கூப்பிட்டேன். கீழே வடம் இழுக்கிற சத்தம். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மாப்ளை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"பவிக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ மேல கோவப்படக் கூடாது. உங்க ஆட்டத்த நான்தான் அழிச்சேன். தெரியாம அமுக்கிட்டேன்."

மாப்ளை என்னையே பார்த்தார். "எந்த…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாவம், தாங்க முடியவில்லை.

"வார்டன் போயிட்டாரு. பாஸ், குட்டி, எல்லாரும் போயிட்டாங்க. மாமாவும் போயிட்டாரு. உங்க அத்தையும் நானும் ஒரு வாரமா ராப்பகல்னு பாக்காம திரும்பப் புடிச்சு வச்சிருக்கோம். பழைய தெம்பு இல்ல. அதான் சொல்லிரலாம்னு."

பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு என் தோளில் கை வைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"பரவால்ல மாமா. மனசுல வச்சுக்கிடாதீங்க. மாமாவ… திரும்பப் புடிச்சிட்டீங்கல்ல. அது போதும்."

"பவிகிட்ட?"

"பவிகிட்ட நான் எதுக்கு மாமா கோவப்படப் போறேன்."

கண் கலங்கிவிட்டது. தேர் திரும்புகிற நேரம் என்பதால் எல்லோரும் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சம்பந்தி மட்டும் ரம்மி என்று நினைத்திருப்பார்.

திரும்பும் பஸ்ஸில், பவி முன் சீட்டில் தூங்க, சரசுவிடம் சொன்னேன். ஒரு மனுஷன் எத்தனை நாள் உட்கார்ந்து வளர்த்த ஜந்துகளை ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுக்கிறான். அதுவும் மாமாவை முதலில் விசாரித்தான். எனக்கு இந்தப் பெருந்தன்மை வராது. என் லுங்கி முருங்கையில் கிடந்ததற்கே ஒரு வாரம் புலம்பினேன். சரசு, "ஜோக் அடிச்சீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அதான்" என்றாள்.

பெட்டியை மாப்ளை வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் மாமா. ஆடி முடியட்டும்." தங்கமான பிள்ளை. நான் எடுத்த முடிவுகளில் ஒன்றாவது சரியாகப் போயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

வெயில். வற்றல் திரும்பவும் மாடிக்குப் போயிற்று. நிம்மதியாக நாலு இட்லி.

பவி காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முகத்தில் கவலை.

"அப்பா, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஏம்மா?"

"அவரு காலையில போன் பண்ணாரு. மாமாவ டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லுதாரு. நேத்து மாடியில வச்சு வார்டன் போயிட்டாரு, மாமா போயிட்டாரு, திரும்பப் புடிச்சு வச்சிருக்கோம்னு என்னென்னமோ சொன்னீங்களாம். பெரியவங்க பேசும்போது என்னன்னு எதிர்த்துக் கேக்க முடியுமா, அதான் பரவால்லன்னு சொல்லிட்டு வந்துட்டாராம்."

எல்லாவற்றையும் சொன்னேன். பவி காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், விக்கலெடுக்கும் வரை.

மாப்ளை இதில் ஆடுவது கிரிக்கெட் மட்டும். பெட்டியே கிருஷ்ணன்கோவில் காலேஜில் படிப்பு முடித்து ஹாஸ்டலைக் காலி செய்த ஒரு பையனிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அப்படியொரு ஜந்து ஆட்டம் உள்ளே இருப்பதே மாப்ளைக்குத் தெரியாது.